மியூசிக் ஸ்ட்ரீமரை மாற்றும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது. பாட்டு வருவது ஒரு பழைய குரோம்காஸ்ட் ஆடியோ வழியாகவோ புளூடூத் ரிசீவர் வழியாகவோ. 20,000 ரூபாயிலிருந்து 1 லட்சத்துக்குள் நல்ல ஸ்ட்ரீமராக ஒன்று வாங்க வேண்டும். இந்த இடத்தில் நிற்பவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சந்தா பற்றியதையும் ஆம்பின் பின்பக்கம் பற்றியதையும் மட்டும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால் போதாதா? ஸ்ட்ரீமர் கூடுதலாக என்ன செய்கிறது?

புளூடூத்தில் பாட்டு போன் வழியாகப் போகிறது. போன் அதை எஸ்பிசி, ஏஏசி என்று ஏதாவது ஒரு முறையில் மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் அறுந்துபோகும்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் இரண்டிலும் போன் வெறும் ரிமோட்தான். எந்தப் பாட்டு என்பதை அது சொல்லும். ஸ்ட்ரீமர் நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டாலும் பாட்டு ஓடும். ஆப்பிளின் ஏர்ப்ளே இடைப்பட்ட ரகம்: வைஃபையில் போனாலும் பெரும்பாலும் போனைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

பெட்டிக்குள் இரண்டு பகுதிகள். ஒன்று, வலையிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் சின்னக் கம்ப்யூட்டர். மற்றொன்று, வந்த எண்களை ஆம்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் டேக். இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் குரோம்காஸ்ட் ஆடியோ நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

ஓடுகிறவரை ஓட்டலாம். ஒளி வழியாகப் பாட்டை அனுப்பும் அதன் ஆப்டிகல் வெளியீடு 24 பிட்/96 கிலோஹெர்ட்ஸ் (பதிவின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்கள்) வரை கொடுக்கும். ஒலியில் பெரிய குறை இல்லை. பிரச்சினை வேறு. 2015இல் வந்து, 2019 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட சாதனம் அது. 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. வீடு வீடாக நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. கூகுள் புதிய மென்பொருளை அனுப்பிய பிறகுதான் மறுபடி பாடின.

ஆம்ப் முப்பது வருடம் உழைக்கும். ஸ்ட்ரீமரின் ஆயுளோ, அதைச் செய்தவர் மென்பொருளை எத்தனை வருடம் கவனிக்கிறார் என்பதைப் பொறுத்தது. நடப்பில் இருக்கும் பொருளே பழுதாக்கப்படுவதும் உண்டு: 2024 மே மாதம் சோனோஸ் நிறுவனம் தன் செயலியை அடியோடு மாற்றியபோது, தினமும் பயன்படுத்திய வசதிகள் பல காணாமல் போயின. அதனால் வாங்கும் முன் டேக் சில்லின் பெயரைத் தேடுவதற்குப் பதிலாக, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதிதாக வந்தது, செயலிக்குப் பிளே ஸ்டோரில் இப்போது என்ன மதிப்பெண் என்று பாருங்கள்.

மாற்றினால் ஒலி எவ்வளவு கூடும்?

புளூடூத்திலிருந்து வருபவருக்கு வித்தியாசம் தெரியும். ஓரளவு நல்ல ஸ்ட்ரீமரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவருக்கு, ஒலி அளவைச் சமமாக்கிக் கேட்டால், மிகக் கொஞ்சம். பல நேரம் எதுவுமே இல்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னே நகர்த்துவதும், டைல்ஸ் தரையில் கெட்டியான ஜமுக்காளம் ஒன்றை விரிப்பதும் இதைவிட அதிகம் செய்யும். ஸ்ட்ரீமரில் காசு போடுவது தடங்கலில்லாத தினசரிப் பயன்பாட்டுக்காக என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எந்தச் சந்தாவுக்கு எது ஒத்துவரும்?

முதல் கேள்வியே இதுதான். ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். வெளிநாட்டு விமர்சனங்கள் டைடல், கோபஸ் என்ற இரண்டு பாட்டுச் சேவைகளையும் வைத்தே எழுதப்படுகின்றன. இரண்டுமே இந்தியாவில் முறைப்படி விற்கப்படுவதில்லை. ஆக, இங்கே நடைமுறையில் மூன்று.

ஸ்பாட்டிஃபை: கனெக்ட் வசதி இல்லாத ஸ்ட்ரீமரே இன்று அரிது. வெகுகாலம் 320 கேபிபிஎஸ்தான் உச்சம். 2025 செப்டம்பரில் சில நாடுகளிலும், பிறகு இந்தியாவில் மேல்நிலைத் திட்டமான பிளாட்டினத்திலும் இழப்பற்ற 24 பிட்/44.1 கிலோஹெர்ட்ஸ் தரம் வந்தது. சந்தாவில் இருந்தால் மட்டும் போதாது; ஸ்ட்ரீமரின் ஃபர்ம்வேரும் அதை ஏற்க வேண்டும். பாட்டு ஓடும்போது செயலியில் தரத்தின் பெயர் தெரியும், அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

யூடியூப் மியூசிக்: உச்சம் 256 கேபிபிஎஸ். இதற்குக் கூகுள் காஸ்ட் வேண்டும். விம், கேம்பிரிட்ஜ் ஆடியோ நிறுவனங்களின் கருவிகளில் உண்டு. புளூசவுண்டில் கிடையாது. பழைய தமிழ்ப் பாடல்களில் பாதியை யூடியூபில்தான் தேடுகிறீர்கள் என்றால், எவ்வளவு பாராட்டப்பட்ட பெட்டியானாலும் காஸ்ட் இல்லாததை வாங்காதீர்கள்.

மூன்றாவது ஆப்பிள் மியூசிக். அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

ஆப்பிள் மியூசிக்கை முழுத் தரத்தில் கேட்க முடியவில்லையே?

ஆப்பிள் 2021 ஜூனிலிருந்து 24 பிட்/192 வரை கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறது. ஆனால் விம், புளூசவுண்ட் செயலிகளுக்குள் ஆப்பிள் மியூசிக் இல்லை. ஏர்ப்ளேயில் அனுப்ப வேண்டியதுதான். ஏர்ப்ளேயில் ஹைரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரம்) போகாது. பல நேரம் சிடி தரம்கூட இல்லாமல், சுருக்கப்பட்ட ஏஏசியாகவே போய்ச் சேர்கிறது.

வழி இரண்டு. ஆண்ட்ராய்டில் ஓடும் எவர்சோலோ போன்ற ஸ்ட்ரீமரில் ஆப்பிள் மியூசிக் செயலியையே நிறுவிக்கொள்ளலாம். சாதாரண ஆண்ட்ராய்டு டிவி பெட்டி எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித் தரும். எவர்சோலோ அந்த இடத்தைத் தாண்டிப் போகும்படி செய்யப்பட்டது. இரண்டாவது வழி மலிவு: அலமாரியில் தூங்கும் பழைய ஐபேடை யூஎஸ்பி வழியாக ஒரு டேக்கில் செருகுங்கள். அழகாக இருக்காது, ஆனால் பிட் மாறாமல் வரும்.

ஆம்பின் பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஆப்டிகல், கோஆக்ஸியல் என்று எழுதிய துளைகள் இருக்கின்றனவா என்று. இருந்தால் உங்கள் ஆம்புக்குள் ஏற்கெனவே ஒரு டேக் இருக்கிறது. மரான்ட்ஸ் பிஎம்6007, யமஹா ஏ-எஸ்501 போன்றவற்றில் இரண்டு துளைகளுமே உண்டு. அப்படியானால் ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் விலை உயர்ந்த டேக்குக்குக் காசு கொடுப்பது வீண். விம் புரோ போல டிஜிட்டல் வெளியீடு உள்ள அடிப்படைப் பெட்டி போதும்.

சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் மட்டும்தான் என்றால் ஸ்ட்ரீமரின் டேக் முக்கியம். நல்ல யூஎஸ்பி டேக் தனியாக வைத்திருப்பவர், யூஎஸ்பி ஆடியோ வெளியீடு உள்ள ஸ்ட்ரீமரா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்: பின்னால் யூஎஸ்பி துளை இருந்தாலே டேக்குக்குப் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். பலவற்றில் அது பென் டிரைவ் செருகுவதற்கு மட்டும்.

கேபிள்: ஆப்டிகலில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை கவலையே இல்லை, 192இல் சில கேபிள்களும் சில ஆம்புகளும் விக்கும். கோஆக்ஸியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். 1 மீட்டர் போதும் என்றால், வீட்டில் கிடக்கும் மஞ்சள் நிற வீடியோ கேபிளே 75 ஓம் ரகம்தான். அதைச் செருகிப் பார்த்துவிட்டு வேறு வாங்குவதை யோசியுங்கள்.

பெயர் சொல்லுங்கள். எவற்றைப் பார்க்கலாம்?

விலைகள் வெளிவந்தபோது அமெரிக்காவில் இருந்தவை. இங்கே வரியோடு கூடும், கடைக்குக் கடை மாறும்.

விம் புரோ 149 டாலர். புரோ பிளஸ் 219 டாலர். வித்தியாசம் முக்கியமாக உள்ளே இருக்கும் டேக்கில். ஆம்பில் டிஜிட்டல் துளை இருந்தால் புரோ, இல்லையென்றால் புரோ பிளஸ். 2024இல் வந்த விம் அல்ட்ரா 329 டாலர்: முன்பக்கத் தொடுதிரை, டிவிக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி, டர்ன்டேபிளுக்கு எம்எம் ஃபோனோ, சப்வூஃபர் வெளியீடு, யூஎஸ்பி ஆடியோ. ஒரே பெட்டியில் இவ்வளவும் வேண்டும் என்பவருக்கு இந்த விலையில் போட்டியில்லை. ஆனால் ஏர்ப்ளே இல்லாமல் வெளிவந்தது. வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் இந்த ஒன்றே அதை விலக்கப் போதும்.

புளூசவுண்ட் நோட் நானோ 299 டாலர். திரையில்லை, பெட்டியோடு ரிமோட் இல்லை. அதன் புளூஓஎஸ் செயலி நிதானமானது, பல அறைகளை இணைப்பதில் கெட்டிக்காரன். என்ஏடி கருவிகளும் அதிலேயே ஓடும். காஸ்ட் கிடையாது என்பதை மேலே சொன்னோம்.

கேம்பிரிட்ஜ் எம்எக்ஸ்என்10, சிஎக்ஸ்என்100: சின்னதும் பெரியதும். பெரியதில் திரையும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் உண்டு. ஏர்ப்ளே, காஸ்ட், ரூன் (பாட்டுத் தொகுப்பை நிர்வகிக்கும் கட்டண மென்பொருள்) எல்லாம் இரண்டிலும் வருவதால், ஒரு வீட்டில் ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்திருந்தால் தலைவலி குறைவு.

எவர்சோலோ டிஎம்பி-ஏ6, 859 டாலர்: 6 அங்குலத் திரை, உள்ளேயே எஸ்எஸ்டி பொருத்தும் இடம். பாட்டெல்லாம் சொந்தக் கோப்புகளாக வைத்திருப்பவருக்கும் ஆப்பிள் மியூசிக் ஆளுக்கும் ஏற்றது.

24/192, 32/768, டிஎஸ்டி 512, எம்க்யூஏ... எவ்வளவு வேண்டும்?

24 பிட்/192 போதும். அதற்கு மேல் வாங்கிக் கேட்கத் தமிழ்ப் பாடல்கள் விற்பனைக்கே வருவதில்லை. எம்க்யூஏ என்ற சுருக்கும் முறையின் முத்திரைக்காகக் காசு கூட்ட வேண்டாம்: அந்த நிறுவனம் 2023இல் திவால் நடைமுறைக்குப் போனது, அதன் தொழில்நுட்பத்தைப் புளூசவுண்டின் தாய் நிறுவனமான லென்புரூக் வாங்கியது, 2024 ஜூலையில் டைடலே அதைக் கைவிட்டு, இழப்பில்லாமல் சுருக்கும் முறையான ஃபிளாக்குக்கு மாறிவிட்டது.

வைஃபையா, லேன் கேபிளா?

கேபிள் இழுக்க முடிந்தால் கேபிள். சாதாரண கேட் 5ஈ போதும், 100 மீட்டர் வரை தாங்கும். 24/192 பாட்டு சுருக்காமலே 9.2 எம்பிபிஎஸ்தான், வேகம் எங்கும் போதும், அறுபடுவதுதான் பிரச்சினை. வைஃபை என்றால் ஸ்ட்ரீமரை இரும்பு அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். செயலியில் சிக்னல் அளவு காட்டினால், மைனஸ் 65 அல்லது அதைவிட நல்லதாக, அதாவது சுழியத்துக்கு இன்னும் நெருக்கமாக, இருக்கட்டும். மைனஸ் 75க்குக் கீழே போனால் இரவு எட்டு மணிக்கு, பக்கத்து வீடுகள் எல்லாம் படம் பார்க்கும்போது, நிச்சயம் திக்கும்.

செயலியில் ஸ்ட்ரீமரே தெரியவில்லை. கருவி பழுதா?

பத்தில் ஒன்பது முறை பழுதில்லை. நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடப்பது இது: இணைய நிறுவனம் வைத்துப்போன ரவுட்டர் ஒன்று, வைஃபை போதவில்லை என்று நாம் வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. போன் ஒன்றில், ஸ்ட்ரீமர் மற்றொன்றில். இரண்டிலும் இணையம் வரும், ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது.

போனின் வைஃபை விவரத்தில் ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168.29 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் பக்கத்தில் ஸ்ட்ரீமரின் எண் 192.168.0 என்று தொடங்கினால் குற்றவாளி கிடைத்தாயிற்று. தீர்வு: இரண்டாவது ரவுட்டரின் அமைப்புக்குள் போய் அதை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டரானால் முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.29.250 போல முதல் ரவுட்டரின் வரிசைக்கு மாற்றி, டிஎச்சிபியை (தானாக ஐபி வழங்கும் வசதி) அணைத்து, பிறகு முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ துளையிலிருந்து பிடுங்கி ‘லேன்’ துளையில் செருகுங்கள். இப்போது வீடு முழுக்க ஒரே வலை.

அப்போதும் தெரியவில்லையா? போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ (கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் அமைப்பு) இயங்குகிறதா, போனில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை முதல் நாள் அவசரத்தில் மறுத்திருப்பார்கள். அதையும் பாருங்கள்.

கடைசியாக, ரவுட்டரில் ஸ்ட்ரீமருக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்ட்ரீமரின் வால்யூமை எங்கே வைப்பது?

ஆம்பில் வால்யூம் குமிழ் இருந்தால், ஸ்ட்ரீமரில் ‘ஃபிக்ஸட்’ என்று வைத்துவிட்டுக் குமிழையே பயன்படுத்துங்கள். சோபாவிலிருந்து போனில்தான் கூட்டிக் குறைப்பேன் என்றால் ‘வேரியபிள்’ முறையும் தவறில்லை. இன்றைய டேக்குகளில் 24 அல்லது 32 பிட்டில் குறைப்பதால் இழப்பு காதுக்கு எட்டாது.

பழைய ஆம்புகளில் வேறொரு தொல்லை. ஸ்ட்ரீமர் 2 வோல்ட் தரும். அந்த ஆம்ப் 200 மில்லிவோல்ட்டுக்கே முழு ஒலி கொடுக்கும்படி கட்டப்பட்டிருக்கும். குமிழை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குத் திருப்பினாலே வீடு அதிரும். அந்தத் தொடக்க இடத்தில் இடது வலது சமமாகவும் இருக்காது. சில ஸ்ட்ரீமர்களில் வெளியீட்டை 2 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழேயோ குறைக்கலாம். அதைச் செய்யுங்கள்.

ஸ்ட்ரீமரை நேராகப் பவர் ஆம்பில் செருகுகிறவர்கள் முதலில் செயலியில் உச்ச வால்யூமுக்கு ஒரு வரம்பு போட்டுவிட வேண்டும். ஃபர்ம்வேர் மாறியதும் வால்யூம் நூறில் வந்து நின்றால் ட்வீட்டர் தப்பாது.

ஸ்ட்ரீமர் மாட்டியதும் ‘ஹம்ம்’ என்று இரைச்சல். ஏன்?

பெரும்பாலும் எர்த் வளையம்: இணைந்த கருவிகள் வெவ்வேறு வழியாக எர்த் ஆவதால் வருவது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிடியுங்கள். ஆம்பிலிருந்து ஸ்ட்ரீமரின் ஆர்சிஏவைக் கழற்றியும் இரைகிறதென்றால் ஸ்ட்ரீமருக்குச் சம்பந்தமில்லை. லேன் கேபிளைப் பிடுங்கியதும் நின்றால், அது உலோக உறை போட்ட கேபிள். உறையில்லாத சாதாரணக் கேபிளாக மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் அதே ஆம்பில் மாட்டியிருக்கும் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். தெருவில் எங்கோ எர்த் ஆன ஒயர் அது. நிறைய வீடுகளில் கடைசியில் குற்றவாளியாகப் பிடிபடுவது இதுதான். ஆம்பில் ஆப்டிகல் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். ஒளியில் மின்சாரம் பாயாது, ஸ்ட்ரீமர் பக்கத்து வளையம் அறுந்துவிடும்.

பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் நிற்கும். ஆம்பின் உலோகக் கூடு ஒருநாள் ஷாக் அடிக்கவும் செய்யும். வேண்டாம்.

சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் கோப்புகள் நிறைய இருக்கின்றன. எப்படி வைப்பது?

ஒரு மணி நேர சிடி ஃபிளாக்கில் ஏறக்குறைய 350 முதல் 400 எம்பி. ஆயிரம் சிடி 400 ஜிபிக்குள் அடங்கும். ஸ்ட்ரீமரின் யூஎஸ்பியில் எஸ்எஸ்டி செருகுவது எளிய வழி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் பல ஸ்ட்ரீமர்களில் கிடைக்கும் கரண்டில் சுற்றாது. டிக் டிக் என்று மட்டும் கேட்கும். பெரிய தொகுப்புக்கு, எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரிலோ நாஸிலோ (வீட்டு வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டி) மினிம்சர்வர் அல்லது லிரியன் மியூசிக் சர்வர் மென்பொருளைப் போடுங்கள். பின்னது, முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயரில் இருந்தது; விம் கருவிகள் அதோடு நேராகப் பேசும்.

உண்மையான வேலை, கோப்புக்குள் படம், பாடகர் போன்ற விவரங்களை எழுதும் டேக்கிங்கில்தான் (மேலே சொன்ன டேக் வேறு). உலகச் செயலிகள் பாட்டைப் பாடகர் பெயரில் அடுக்கும். தமிழ்ச் சினிமாப் பாட்டை நாம் தேடுவதோ படத்தின் பெயரிலும் இசையமைப்பாளர் பெயரிலும். ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஏழு பாடகர். அந்த விவரங்களைக் கவனிக்காவிட்டால் அந்த ஒரு ஆல்பம் பல துண்டுகளாக உடைந்து கிடக்கும். இளையராஜாவை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். ஓர் எழுத்து கூடினால் செயலிக்கு அவர் இன்னொரு ஆள். எம்பி3டேக் மென்பொருளில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’, ‘கம்போஸர்’ இரண்டிலும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். பாடகர்கள் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இருக்கட்டும், பல பேர் என்றால் தனித்தனி மதிப்பாக. ‘ஆல்பம்’ இடத்தில் படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்தால், ஒரே பெயரில் வந்த இரண்டு படங்கள் ஒட்டிக்கொள்ளாது. தமிழ் எழுத்திலேயே எழுதினால் சில ஸ்ட்ரீமர்களின் முன்பக்கத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். மொத்தத் தொகுப்பையும் மாற்றும் முன் ஒரு ஆல்பத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேப்லெஸ் என்கிறார்களே, நமக்குத் தேவையா?

கச்சேரி கேட்பவருக்குக் கட்டாயம். ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று சிடியில் தனித்தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள், ஆனால் கச்சேரி நிற்காமல் ஓடும். கேப்லெஸ் இல்லாத ஸ்ட்ரீமர் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் அரை நொடி விழுங்கும். தம்புரா சுருதி அறுபடுவது அப்பட்டமாகத் தெரியும். காஸ்ட் வழியாக அனுப்பும்போது இது அடிக்கடி நடக்கிறது. அதே கோப்பை ஸ்ட்ரீமரின் சொந்தச் செயலியிலிருந்து ஓட்டினால் சரியாக வரலாம். வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது இது.

டிவி ஒலியையும் இதிலேயே கேட்க முடியுமா?

எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ள ஸ்ட்ரீமரில் முடியும். டிவியின் ஒலி அமைப்பில் வெளியீட்டைப் ‘பிசிஎம்’ என்று மாற்ற மறக்காதீர்கள். டால்பி என்று விட்டால் பல ஸ்டீரியோ கருவிகளில் சத்தமே வராது.

ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் நானே ஸ்ட்ரீமர் செய்துகொள்ளலாமா?

நல்ல டேக் கையில் இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. தேவை: பை 4, 2 ஜிபி, அதன் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர். 16 ஜிபி மைக்ரோ எஸ்டி. பையின் இமேஜர் மென்பொருளால் மூட் அல்லது வால்யூமியோ மென்பொருளைக் கார்டில் எழுதி, டேக்கை யூஎஸ்பியில் செருகி, போனின் பிரவுசரில் திறந்தால் ஆயிற்று. செல்போன் சார்ஜரை மாட்டாதீர்கள். மின்னழுத்தம் சரிந்து பாட்டு இடையிடையே விட்டுவிட்டு வருவதற்கு முதல் காரணம் அது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரானால் பைகோர்பிளேயர் நல்லது. முழுவதும் ராமில் ஓடுவதால் பட்டென்று அணைந்தாலும் கார்டு கெடாது. கூகுள் காஸ்ட் மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

ரூன் வேண்டுமா?

எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும் தனிக் கட்டணமும் கேட்கும். அது டைடல், கோபஸ் இரண்டோடுதான் சிறக்கும். அவை இல்லாத ஊரில், சொந்தத் தொகுப்பு மிகப் பெரிதாக இருந்தால் தவிர, அவசியமில்லை.

கரண்ட் போய் வந்தால் ஸ்ட்ரீமர் இணைய மறுக்கிறது. இன்வெர்ட்டரில் ஆம்பே உறுமுகிறது.

இரண்டும் வேறு வேறு. ஸ்ட்ரீமர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம். ஐபி கிடைக்காமல் ஸ்ட்ரீமர் சோர்ந்து உட்கார்ந்துவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் தீரும். ஆம்ப் உறுமுவது சதுர அலை இன்வெர்ட்டரால். டிரான்ஸ்ஃபார்மர் அதை விரும்பாது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் ஆம்பை அணைத்து வையுங்கள்.

ரூம் கரெக்ஷன் வசதி உண்மையில் உதவுமா?

இந்த விலையில் ஒலியை உண்மையாகவே மாற்றும் வசதி இது ஒன்றுதான். 10க்கு 12 அடி அறை, காங்கிரீட் சுவர், டைல்ஸ். ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 56 ஹெர்ட்ஸிலும் 47 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து பாடும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் ‘பொம்’ என்று வீங்குவது அதனால்தான். விம்மில் போன் மைக்கை வைத்து அளந்து திருத்தும் வசதி உண்டு. புளூசவுண்டின் சில மாடல்களில் டிராக் லைவ் (Dirac Live) என்ற திருத்த மென்பொருளைத் தனிக் கட்டணத்தில் சேர்க்கலாம். ராஸ்ப்பெரி பையில் கமில்லா டிஎஸ்பி என்ற மென்பொருள் இலவசம்.

திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன் மைக்கை நம்பி மேலே கை வைத்தால் குரல் கெடும். மேடுகளை 4 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்பாதீர்கள்: 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், பள்ளமோ அப்படியே இருக்கும்.

லீனியர் பவர் சப்ளை, ஆடியோஃபைல் லேன் சுவிட்ச்?

வேண்டாம்.

இரண்டு ஸ்ட்ரீமர்களை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

ஒன்று 2 வோல்ட், மற்றொன்று 2.3 வோல்ட் கொடுத்தால் 1.2 டெசிபல் வித்தியாசம். சத்தமானது எப்போதும் ‘தெளிவாக’ இருப்பதாகத்தான் காதுக்குப் படும். விற்பவர்களுக்கும் அது தெரியும். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். முதல் கருவியில் 2.00 என்றால் இரண்டாவதில் 1.98க்கும் 2.02க்கும் இடையில் வருமாறு வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் ‘நார்மலைஸ்’ இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். பிறகு எது ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் விலை கூடியதை வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிடலாமா?

விற்பவர் முன்னிலையில் ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் சந்தாவில் ஒரு பாட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பத்து வருடப் பழைய நெட்வொர்க் பிளேயர்கள் மலிவாகக் கிடைக்கும்; பின்னணிச் சேவை செத்திருக்கும். ரெசிவா என்ற பின்னணிச் சேவை 2021இல் மூடியபோது அதை நம்பிய இணைய வானொலிகள் அப்படித்தான் வெறும் பெட்டியாயின.

வெளிநாட்டுப் பொருளில் பின்பக்கம் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால், நம் 230இல் செருகிய முதல் நொடியே கடைசி நொடி. வாரன்டி இங்கே செல்லாது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாங்கியாயிற்று. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

முதல் நாள் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். இடது வலது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கச்சேரி ஆல்பத்தில் கேப்லெஸ். ஆகாசவாணியின் ராகம் போன்ற வானொலி ஓட்டம் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் இன்னும் பாடுகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, ரவுட்டரும் ஸ்ட்ரீமரும் நீங்கள் தொடாமலே சேர்கின்றனவா என்று கவனியுங்கள். வீட்டில் தொழில்நுட்பத்தில் கொஞ்சமும் ஆர்வமில்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரு பாட்டுப் போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் போட முடியவில்லை என்றால், பெட்டியைப் பிரித்த அட்டை இன்னும் குப்பைக்குப் போகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.